மாரிக்கு முன் ஓட்டுக்கூரை: பெயின்ற் பூசினால் ஒழுக்கு நிற்குமா?

கேள்வி (ஆரையம்பதி)

வணக்கம். ஆரையம்பதியில் என் பெற்றோர் வாழும் வீடு, 1978 நவம்பர் 23 அன்று அடித்த சூறாவளியில் பழைய வீடு விழுந்த பின்னர் கட்டப்பட்டது. முன்வீட்டுக்குத் தட்டையோடும், பின்னாளில் சேர்த்த குசினிக்கு அஸ்பெஸ்டஸ் சீற்றும் போட்டிருக்கிறோம். கடந்த மாரியில் நடு அறையின் சுவரோரமாக நீர் இறங்கியது. கூரை வேலை எடுப்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஓடுகளைக் கழுவி இரண்டு பூச்சுப் பெயின்ற் அடித்தால் ஒழுக்கு நின்றுவிடும் என்றும், கூரையின் ஆயுளும் கூடும் என்றும் கூறினார். அவர் சொன்ன தொகை எங்களுக்குப் பெரியது. அந்தப் பணத்தைப் பெயின்றுக்குச் செலவழிப்பது சரியா, அல்லது அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஏதும் உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.

மறுமொழி (கல்லடி, ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்)

தம்பி, பெயின்ற் வேலையை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். நன்றாகச் சுட்ட ஓடு அதன் முகத்தால் ஒழுகுவது அரிது. வெடித்த ஓட்டை மாற்றத்தான் வேண்டும். பெயின்ற் அதனை ஒட்டவைக்காது. கூரை பெரும்பாலும் பொருத்துகளில்தான் தோற்கிறது: முகடு, இரண்டு சரிவுகள் சந்திக்கும் பீலி, ஓரம், ஓடும் ஓடும் பூட்டிக்கொள்ளும் தவாளிப்பு. உங்கள் பணம் முதலில் அங்கேதான் போகவேண்டும்.

நம்முடைய கிழக்குக் கரையில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காய்ந்த சருகும் மணலும் ஓட்டின் தவாளிப்புகளில் சேர்ந்து இறுகிவிடும். பின்னர் வடகிழக்குக் காற்றோடு மழை வரும்போது, வழிந்து ஓடவேண்டிய நீர் அந்த அடைப்பில் தேங்கி, காற்றின் தள்ளலால் மேலேறி, மேலோட்டின் அடியால் உள்ளே இறங்கும். ஆகவே வடக்கும் கிழக்கும் பார்த்த சரிவுகளை முதலில் கழற்றிப் பாருங்கள். ஓடுகளை வரிசை வரிசையாக எடுத்து, தவாளிப்பைத் தும்புத் தூரிகையால் துடைத்து, தட்டிப் பார்த்து, மந்தமான ஓசை தருவனவற்றை விலக்கி, மீண்டும் அடுக்குவது ஓடாவியாருக்குப் பழகிய வேலை. பழைய அச்சு ஓடுகள் புதியவற்றோடு பூட்டிக்கொள்ளாமல் போவதுண்டு. எனவே இடிக்கும் வீடுகளில் அதே அச்சு ஓடு கிடைத்தால் சிலவற்றை வாங்கி வளவில் அடுக்கிவைப்பது நல்லது.

முகட்டோட்டைப் பதித்த சாந்தில் வெடிப்பு இருந்தால், அதன் மேலேயே சீமெந்தைப் பூசி மறைக்கவிடாதீர்கள். சீமெந்து கூடிய சாந்து காயும்போது சுருங்கி மீண்டும் வெடிக்கும். தளர்ந்த சாந்தை முற்றாகக் கொத்தி எடுத்து, ஓட்டை நனைத்து, சிறிது சுண்ணாம்பு சேர்த்த சாந்தில் திரும்பப் பதிக்கவேண்டும். பீலித் தகரம் துருப்பிடித்திருந்தால் ஒட்டுப்போடாமல் மாற்றுங்கள். சுவரோரமாக நீர் இறங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், எனக்கு முதலில் ஐயம் வருவது அந்த இடத்தில்தான். ஆயினும் நீர் புகும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. கூரையைத் தாங்கும் சரிவான கைமரம் வழியே தூரம் ஓடி வந்து அது சொட்டலாம். ஒருவர் உள்ளே விளக்குடன் நிற்க, மற்றவர் குழாயால் தாழ்வாரத்திலிருந்து தொடங்கி முகட்டை நோக்கிச் சிறிது சிறிதாக நனைத்துக்கொண்டு போனால் இடம் பிடிபடும்.

சூறாவளியை நினைத்து ஒன்றைச் சொல்கிறேன். காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதைவிடக் கீழிருந்து தூக்குவதுதான் ஆபத்து. அந்தத் தூக்கல் ஓரங்களிலும் முகட்டிலும் மிகுதி. தாழ்வார வரிசை ஓடுகளையும் பக்க ஓர ஓடுகளையும் அடிப்புறத் துளை வழியாகச் செப்புக் கம்பியால், ஓடு தங்கும் குறுக்குச் சட்டமான சிலாகையோடு கட்டுவியுங்கள். கைமரம், சுவரின் மேல் கிடத்திய மரமான சுவர்வளையோடு ஆணியால் மட்டும் நிற்கிறதா, இரும்புப் பட்டியால் பிணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சுவருக்குள் புதைந்த மரமுனைகளை ஊசியால் குத்திப் பார்த்தால் உக்கலும் கறையானும் தெரிந்துவிடும்.

மறுமொழி (கல்முனை)

மேலே ஐயா கூறியதோடு உடன்படுகிறேன். குசினிக் கூரையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். பாசியை எடுக்கவென்று அஸ்பெஸ்டஸ் சீற்றை உலர்ந்த நிலையில் சுரண்டவோ, அழுத்தநீர் இயந்திரத்தால் அடிக்கவோ, அரத்தாளால் தேய்க்கவோ ஒருபோதும் விடாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் நார்த்தூசு நுரையீரலில் தங்கிவிடும். வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகக் கூறுகிறது. வெடிப்பில்லாத சீற்றைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே நல்லது. மாற்றவேண்டி வந்தால் நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள். உடைந்த துண்டுகளை வளவுப் பள்ளத்தை நிரப்பப் போடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அது கூடவே கூடாது.

சீற்றில் ஒழுக்கு பெரும்பாலும் ஆணித்துளையில்தான் வரும். கடற்கரையோரத்தில் உப்புக்காற்றால் ஆணி துருப்பிடித்து, றப்பர் வாசர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். மேடான அலையில்தான் ஆணி இருக்கவேண்டும்; பள்ளத்தில் அடித்திருந்தால் வழிந்தோடும் நீர் முழுவதும் அந்தத் துளையைக் கடந்தே போகும். சீற்றின் மேல் யாரையும் நேரடியாக மிதிக்க விடாதீர்கள். பழைய சீற் எச்சரிக்கையின்றி உடைந்து ஆளைக் கீழே விழுத்தும். குறுக்குமரங்களின் மேல் பலகை போட்டே ஏறவேண்டும்.

மறுமொழி (திருக்கோவில்)

வீட்டுக்கு மேலே சாய்ந்த தென்னையும் முருங்கையும் இருந்தால் அவற்றையும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் ஓடு உடைந்தது தேங்காயாலும் குரங்குகளாலும்தான். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிய பின்னர் குரங்குகள் ஏறுவது வெகுவாகக் குறைந்தது, பீலியில் சருகு சேர்வதும் குறைந்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இந்த வேலைகளை எந்த மாதத்தில் தொடங்கவேண்டும்? எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யப் பணம் போதாவிட்டால் எதை முதலில் செய்வது?

மறுமொழி (கல்லடி)

ஆகஸ்டில் தொடங்கி செப்டெம்பருக்குள் முடியுங்கள். ஒக்டோபர் பிறந்தால் மழை எந்த நாளும் வரலாம், ஓடாவியாரும் மேசனும் அப்போது கிடைக்கமாட்டார்கள். இந்த ஆண்டு பீலித் தகரம், முகட்டுச் சாந்து, ஓர ஓடுகளின் கட்டு ஆகிய மூன்றையும் செய்துவிடுங்கள். அதே நாட்களில் வடக்கு, கிழக்குச் சரிவுகளின் தவாளிப்பையும் சுத்தம் செய்விக்கலாம், அதற்குக் கூலி மட்டுமே செலவு. மேற்கு, தெற்குச் சரிவுகளை அடுத்த ஆண்டுக்கு விடலாம். மரமுனை உக்கியிருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றி, அதை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள். முதல் பெருமழை பெய்த அன்றே உள்ளே சென்று கைமரங்களின் அடிப்புறத்தைப் பார்த்து, ஈரம் தெரியும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு வைக்குமாறு அப்பாவிடம் சொல்லுங்கள்.