தகைப்புத் தளர்வா, தகைப்பு நெகிழ்வா? நிரப்பி கலந்த இறப்பருக்குச் சொல் தேடல்

கேட்டவர், யாழ்ப்பாணம்

குழுவினருக்கு வணக்கம். தொழில்நுட்பக் கல்லூரி மாணவருக்கான கையேட்டின் இறப்பர் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். நிரப்பியாகக் காபன் கரித்தூள் கலந்த இறப்பர்ப் பட்டியை ஓரளவு இழுத்து அதே நீளத்தில் பிடித்து வைத்தால், நீளம் மாறாதபோதும் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் உள்ளே எழும் விசை) முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் குறைகிறது. நேரத்தின் மடக்கைக்கு எதிரே வரைந்தால் ஏறத்தாழ நேர்கோடு கிடைக்கும். அப்பட்டியை அதற்கு முன்னரே இன்னும் கூடுதலாக ஒருமுறை இழுத்துவிட்டிருந்தால், தகைப்பும் தாழ்வாகத் தொடங்கும், பின்வரும் குறைவும் சிறிதாக இருக்கும். முதல் இழுவையால் நேரும் மென்மையாதலை 1940களில் விரிவாக ஆராய்ந்த ஆய்வாளர் முல்லின்சின் பெயரால் வழங்குகிறோம். அதில் சிக்கல் இல்லை. நேரத்தோடு நிகழும் குறைவுக்கும் அதை ஆளும் பழைய இழுவைக்கும் சொல் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், உரும்பிராய்

முதலாவதற்கு ‘தகைப்பு நெகிழ்வு’ என்பேன். ‘தொடியொடு தோள்நெகிழ’ என்ற குறளில் தோளை எவரும் வெளியிலிருந்து தளர்த்தவில்லை. பிரிவு நீளநீள அது தானாகவே மெலிகிறது. புறத்தே நீளம் மாறாமல் உள்ளே நிகழும் மாற்றத்துக்கு இதைவிடப் பொருந்தும் வினை தமிழில் இல்லை. மேலும், மூல நீளத்தோடு ஒப்பிட்ட நீட்சிக்கு நாம் வழங்கும் ‘விகாரம்’ என்ற வடசொல்லை விட்டுத் தமிழகத்தார் போலத் ‘திரிபு’ என்றே எழுதலாம். தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் பிரித்த மூன்றில், உருமாறுதலைச் சரியாகச் சுட்டுவது திரிதலே.

பொறியியல் விரிவுரையாளர், கிளிநொச்சி

ஐயா சொன்ன வினை அழகானது. ஆனால் ‘நெகிழ்ச்சி’ என்று மாணவர் கேட்டவுடன் வளையும் தன்மையையே நினைப்பார்கள். உயர்தரப் பௌதிகவியலில் தகைப்பு, விகாரம் என்று படித்து வந்த பிள்ளையிடம் ‘திரிபு’ என்றால், அது வேறொரு கணியம் என்றே எண்ணும். மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய காலந்தொட்டு, மாணவருக்கு விளங்குவதே இங்கு முதல் அளவுகோல். எனவே ‘தகைப்புத் தளர்வு’. ‘தளர்த்தல்’ கூடாது, அது பிறவினை, தளர்த்தும் கை எங்கே என்ற கேள்வி எழும்.

பழைய இழுவைக்கு ‘முன்விகாரம்’ மட்டும் போதாது. பட்டி முன்னர் எட்டிய மிகப் பெரிய விகாரமே எல்லையாக நிற்கிறது. அதைத் தாண்டி இழுத்தால், முன்பு இழுபடாத பட்டி போலவே அது பெரும்பாலும் நடந்துகொள்ளும். ஆகவே ‘உச்ச முன்விகாரம்’.

சைவ சித்தாந்த மாணவர், நல்லூர்

சென்ற பிறவியின் பதிவை ‘வாசனை’ என்கிறோமே, இழுபட்ட பதிவை ‘விகார வாசனை’ என்றால் என்ன? அது வினைப்பயன் போல அடுத்த இழுவையில் தலைகாட்டுகிறது.

பொறியியல் விரிவுரையாளர்

அப்பதிவு அப்படியே நிற்பதில்லை என்பதால் தயங்குகிறேன். பட்டியை ஓய்வாக விட்டால் அறை வெப்பநிலையில் மிக மெதுவாகவும், சூடாக்கினால் விரைவாகவும், ஒரு பகுதி மீள்கிறது. நிரப்பித் துகள்களின் கொத்துகள் உடைவதாலா, துகள் மேற்பரப்பிலிருந்து மூலக்கூற்றுச் சங்கிலிகள் கழல்வதாலா முதல் இழுவையின் மென்மையாதல் நேர்கிறது என்பதில் ஆய்வாளருக்குள் ஒருமிப்பு இல்லாதபோது, விளக்கத்தையே பெயராக்குவது முறையன்று.

தமிழாசிரியர், உரும்பிராய்

அப்படியானால் ஒரு கேள்வி. பட்டியை 100 வீதம் நீட்டி, 50 வீதத்துக்கு மீட்டு, அங்கே பிடித்து வைத்தால் தகைப்பு நேரத்தோடு கூடக்கூடும் என்று நீங்களே முன்பு இக்குழுவில் எழுதினீர்கள். கூடுவதைத் தளர்வு என்பது எப்படி?

கேட்டவர்

பெரும்பாலோர் ‘தகைப்புத் தளர்வு’, ‘உச்ச முன்விகாரம்’ என்பவற்றை ஏற்றுள்ளதால் அவற்றையே அச்சுக்கு அனுப்புகிறேன். நீட்டியதை ஓரளவு மீட்டுப் பிடிக்கும்போது தகைப்பு கூடும் நிலைக்கு அடிக்குறிப்பில் ‘தகைப்பு மீள்வு’ என்று சேர்த்துள்ளேன்.

தமிழாசிரியர், உரும்பிராய்

ஒரே நிகழ்வு இரு திசையில் நடப்பதற்கு இரண்டு பெயர் சூட்டிவிட்டீர்கள். ‘தகைப்பு அமைவு’ என்றால் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றிலேயே அடங்கும். இரண்டாம் பதிப்பில் இதை மறுபடி எழுப்புவேன்.