புதுப்பிப்பு: இரவில் டாக்டருக்கு போன் செய்யும்போது

நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்ற வரிசையில் (எஸ்பார் முறை) நர்ஸ் டாக்டரிடம் பேசுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின.

பலர் கோரிக்கைக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கும்போது “பிபி 80/50 சார்” என்று மட்டும் சொன்னால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் “சரி, பாத்துக்கோங்க” என்று வைத்துவிடக்கூடும். “நீங்க உடனே வந்து பார்க்கணும் சார். அதுவரைக்கும் என்ன செய்யட்டும்?” என்று நேராகக் கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் தயங்கும் இடம் இதுதான்.

அடுத்தது மருந்தளவு. போனில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலவே கேட்கும். முதலில் எழுதுங்கள், எழுதியதைப் பார்த்து “ஒன் ஃபைவ், பதினஞ்சு மில்லிகிராம், சரியா சார்?” என்று படித்துக்காட்டுங்கள். நினைவிலிருந்து சொன்னால், எழுதியதில் உள்ள தவறு பிடிபடாது.