திருடுபோன மடிக்கணினியில் வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள்: உடனே என்ன செய்வது?

தஞ்சைக் கணக்கர்:
அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் சிறு வணிகர்களுக்கு வருமான வரி, ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்து தருகிறேன். நேற்று இரவு சென்னையிலிருந்து திரும்பும் வழியில், விக்கிரவாண்டி அருகே உணவகத்தில் பேருந்து நின்றபோது, இருக்கைக்கு மேல் வைத்திருந்த பை களவு போய்விட்டது. அதில் மடிக்கணினியும் இரண்டு வாடிக்கையாளர்களின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களும் (கையொப்பச் சான்றிதழ் அடங்கிய யூஎஸ்பி கருவிகள்) இருந்தன. காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டேன். கணினி போனதைவிட, அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் வருமான வரித் தளக் கடவுச்சொற்களை குரோமில் சேமித்திருந்தேன் என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை. விண்டோஸில் நுழையக் கடவுச்சொல் உண்டு; அது என் மகளின் பெயரும் பிறந்த ஆண்டும். கடவுச்சொல் இருப்பதால் யாராலும் திறக்க இயலாது என்று கணினிக் கடைக்காரர் சொல்கிறார். அதை நம்பி இருக்கலாமா?

வன்பொருள் பழுதுபார்ப்பவர்:
ஐயா, தயவுசெய்து நம்பி இருக்க வேண்டாம். விண்டோஸ் கடவுச்சொல் வாசலை மட்டுமே காக்கிறது. விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றி வைப்பது) இல்லாத வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால், உங்கள் கோப்புகள் அனைத்தையும் படிக்கலாம். குரோம் சேமிக்கும் கடவுச்சொற்கள் மட்டும் குறியாக்கப்பட்டிருக்கும். அதற்கான சாவியை உங்கள் நுழைவுக் கடவுச்சொல்லைக் கொண்டு விண்டோஸ் பூட்டி வைக்கிறது. ஆகவே, திருடியவர் கடவுச்சொல்லை வலிந்து மாற்றி உள்ளே நுழைந்தாலும் அவை பொதுவாகத் திறப்பதில்லை. ஆனால் வட்டை நகலெடுத்து வைத்துக்கொண்டு பழைய கடவுச்சொல்லை எத்தனை முறை வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கலாம். பெயரும் ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல் அந்த முயற்சிக்கு நெடுநேரம் தாங்காது. எல்லாம் வெளியே போய்விட்டதாகவே எண்ணிச் செயல்படுங்கள்.

முதலில், கைப்பேசியிலிருந்து உங்கள் ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வேறு பல கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்டெடுக்க முயன்றால் அதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்கு வரும் என்பதால் வங்கியைவிட இதுவே முந்தியது. பிறகு கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உங்கள் சாதனங்களின் பட்டியலைத் திறந்து, திருடுபோன கணினியை வெளியேற்றுங்கள். குரோமின் ஒத்திசைவு (sync) இயங்கியிருந்தால், சேமித்த கடவுச்சொற்களின் முழுப் பட்டியலும் கைப்பேசியின் குரோமிலேயே தெரியும். அதை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். இங்கே அழிப்பதால் களவுபோன கணினியில் உள்ள நகல் அழியும் என்பதற்கு உறுதியில்லை. எந்தெந்தக் கணக்குகளை மாற்ற வேண்டும் என்று அறிய உங்களுக்கு இருக்கும் ஒரே பட்டியலும் அதுதான்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்:
தம்பி, நுட்பத்தை மேலே உள்ளவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நம் தொழிலுக்கே உரிய ஓர் ஆபத்தை நான் சொல்ல வேண்டும். வருமான வரித் தளத்தில் பயனர் பெயர் பான் எண். அது உங்கள் கணினியில் உள்ள ஒவ்வொரு படிவத்திலும் இருக்கும். நம்மில் பலர் வாடிக்கையாளரின் சுயவிவரத்தில் அவருடைய மின்னஞ்சலுக்குப் பதிலாக நம்முடையதையே கொடுத்துவிடுகிறோம். நீங்களும் அப்படிச் செய்திருந்தால், உங்கள் அஞ்சல்பெட்டியைத் திறந்தவருக்கு அத்தனை பேரின் கணக்கையும் நெருங்க வழி கிடைத்துவிடும். கடவுச்சொல்லை மாற்றும்போதே மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் வாடிக்கையாளருடையதாக மாற்றுங்கள். திரும்பப் பெறும் தொகைக்கெனக் குறித்த வங்கிக் கணக்கு அவருடையதுதானா என்பதையும் பாருங்கள். தளத்தில் 'இ-ஃபைலிங் வால்ட்' என்ற வசதி உண்டு. அதை இயக்கினால் கடவுச்சொல் தெரிந்தவரும் ஆதார் ஓடிபி போன்ற இரண்டாவது சான்று இல்லாமல் நுழைய முடியாது.

டோக்கன்களின் மேல் பெயரையும் பின் (PIN) எண்ணையும் எழுதி ஒட்டும் பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. உங்களுடையவற்றிலும் ஒட்டியிருந்தால், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்திடம் அவற்றை இன்றே ரத்து செய்யக் கோருங்கள், ஒட்டாவிட்டாலும் கோருங்கள். அந்த இருவரிடமும் நீங்களே பேசுங்கள். வேறொருவர் வழியாக அறிந்தால் அவர்கள் மனம் அதிகம் புண்படும்.

தஞ்சைக் கணக்கர்:
இருவருக்கும் என் நன்றி. ஜிமெயிலை மாற்றி, கணினியையும் வெளியேற்றிவிட்டேன். பட்டியலைப் பார்த்தபோது இருபத்திரண்டு பேருக்கு என் மின்னஞ்சலையே கொடுத்திருந்தது தெரிந்து மனம் கலங்கிவிட்டது. ஒரு டோக்கனில் பின் எண்ணும் ஒட்டியிருந்தது. அதை ரத்து செய்யும் விண்ணப்பத்தில் அந்த மளிகைக்கடைக்காரர் என் எதிரிலேயே கையெழுத்திட்டார். மீதமுள்ளோரை வரிசையாக அழைத்து வருகிறேன். புதிய கணினி வாங்கியதும் கடவுச்சொற்களை எங்கே வைப்பது?

வன்பொருள் பழுதுபார்ப்பவர்:
கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் கீபாஸ் அல்லது பிட்வார்டன் செயலி போதும். அதன் முதன்மைக் கடவுச்சொல்லாக, தமக்குள் தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து வையுங்கள். குடும்பப் பெயர்கள் வேண்டாம். வட்டுக் குறியாக்கத்தை முதல் நாளே இயக்குங்கள். அப்போது கிடைக்கும் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வீட்டு அலமாரியில் வையுங்கள்; மடிக்கணினிப் பையில் வைக்காதீர்கள்.