குரல் பதிவில் 'ம்ம்ம்' என்று இரைச்சல், அவசர உதவி

மாடிஅறை:
வீட்டில்தான் பாடிப் பதிவு செய்கிறேன். குரலுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் தகர டப்பாவுக்குள் பாடுவது போல் ஆகிவிடுகிறது. நாளைக்குள் அனுப்ப வேண்டும்.

சுருதிப்பெட்டி:
என்ன மைக்? மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி உண்டா, நேராக லேப்டாப்பிலா? ஃபேன் ஓடுகிறதா?

எட்டுக்கட்டை:
சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுங்கள். நான் ஒட்டினேன், அருமையாக இருக்கிறது.

மாடிஅறை:
கன்டென்சர் மைக், இன்டர்ஃபேஸ் உண்டு. ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பாடுகிறேன், சட்டை தொப்பலாகிவிடுகிறது. அறை பத்துக்குப் பத்து.

பழைய கேசட்:
கன்டென்சர் வாங்கிவிட்டால் ஸ்டுடியோ ஆகிவிடாது தம்பி. அது பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்துப் பிடிக்கும். இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது, யார் படிக்கிறீர்கள்? எஸ்எம்58 என்ற டைனமிக் மைக்கை வாங்கி, நாலு விரற்கடை தள்ளி நின்று பாடுங்கள்.

எட்டுக்கட்டை:
டைனமிக்குக்கு கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏகத்துக்கு ஏற்ற வேண்டுமே. மலிவான இன்டர்ஃபேஸில் அப்போது 'ஸ்ஸ்ஸ்' கிளம்பும். அதையும் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி:
அவர் கேட்டது 'ஸ்ஸ்ஸ்' இல்லை, 'ம்ம்ம்'. அப்படியென்றால் கரண்ட் சமாச்சாரம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. இரைச்சல் 50, 100, 150 என்று அடுக்கடுக்காக ஏறும். தாழ்ந்த ஒலியை வெட்டும் லோ கட் போட்டாலும் மேலே உள்ளது நிற்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில், பாடாமல் சும்மா ஒரு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள்.

முட்டை அட்டை இதற்கு உதவாது. எதிரொலிக்கே அது மேல் சுரங்களைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். தீப்பொறி பட்டால் பற்றியும் எரியும். அதற்குப் பதில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு கம்பளியைத் தொங்கவிடுங்கள். மைக் பார்ப்பது உங்களையும் பின்சுவரையும்தான்.

எட்டுக்கட்டை:
என் அறையைக் கேட்காமலே தீர்ப்பா?

பழைய கேசட்:
கேட்க வேறு வேண்டுமா? அட்டை வெளிச்சத்தத்தையும் தடுக்காது.

எட்டுக்கட்டை:
தடுக்கும் என்று நான் எங்கே சொன்னேன்?

மாடிஅறை:
சார்ஜரைக் கழற்றினேன், போயே போய்விட்டது!! பேட்டரி 20 நிமிடம்தான் தாங்கியது, அதற்குள் இரண்டு டேக் முடித்து அனுப்பிவிட்டேன். நன்றி அண்ணா.

சுருதிப்பெட்டி:
சந்தோஷம். சார்ஜர் இரண்டு பின்னா, மூன்று பின்னா? மூன்று என்றால் எர்த் பின்னை உடைத்துவிடாதீர்கள். அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள். லேப்டாப்பையும் இன்டர்ஃபேஸையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டும் பாருங்கள்.

எட்டுக்கட்டை:
அவர் போய் இரண்டு நாள் ஆகிறது. அட்டையின் பின்பக்கம் பஞ்சு வைத்தால்?

பழைய கேசட்:
அப்புறம் அட்டை எதற்கு?