19 வருட அனுபவம் இருக்கிறது. இனிமேல் ஆன்லைன் சான்றிதழ் வாங்கத்தான் வேண்டுமா?

தீவு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பாளையங்கோட்டைப் பக்கம். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். (பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்த காலம்). ஊரில் மெட்ரிக் பள்ளியில் 8 வருடம், அப்புறம் மாலத்தீவில் 11 வருடம். இப்போது அங்கே அட்டு என்ற தீவுக்கூட்டத்தில் ஒரு பள்ளியில் 8 முதல் 10 வரை ஆங்கிலம் எடுக்கிறேன். இங்கே நான் முதல் வருடம் பாடம் சொல்லிக்கொடுத்த பெண் இன்று அதே பள்ளியில் ஆசிரியை. ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசை அவளுடையதுதான்.

வருட முடிவில் ஒப்பந்தம் முடிகிறது. ஓமனில் ஒரு கல்லூரிக்கும் வியட்நாமில் ஒரு மொழி மையத்துக்கும் விண்ணப்பித்தேன். இரண்டு இடத்திலும் முதல் கேள்வியே "டெஃபல் இருக்கா, செல்ட்டா இருக்கா?" என்பதுதான். (இரண்டுமே ஆங்கிலத்தைப் பிறமொழிக்காரர்களுக்குக் கற்பிப்பதற்கான சான்றிதழ்கள், செல்ட்டா கேம்பிரிட்ஜ் தருவது.) பி.எட். இருக்கிறது, 19 வருட அனுபவம் இருக்கிறது என்றேன். "அது சரி மேடம், சான்றிதழ்?" என்று மறுபடியும் கேட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆன்லைனில் தேடினால் 120 மணி நேர டெஃபல் தள்ளுபடியில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. செல்ட்டா லட்சத்தைத் தாண்டுகிறது. அடுத்த வருடம் மகளுக்குக் கல்லூரி. இவ்வளவு அனுபவத்துக்கு அப்புறம் படித்தவர்கள் யாராவது இருந்தால், அந்தப் பணத்துக்குப் பலன் இருந்ததா என்று சொல்லுங்கள்.

சைகோன் செல்வம்:

அக்கா, வியட்நாம் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். மொழி மையங்களில் பட்டத்தோடு கற்பித்தல் சான்றிதழையும் சேர்த்துக் கேட்பதுதான் இங்கே வழக்கம். உங்கள் அனுபவத்தைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. வொர்க் பெர்மிட்டுக்குத் தாள்களை அடுக்கும்போது அந்தத் தாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல இடங்களில் 120 மணி நேரச் சான்றிதழே போதும். உங்கள் பி.எட்.டையே ஏற்றுக்கொள்வார்களா என்று அந்த மையத்திடமே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அதுவரை பணம் கட்டாதீர்கள். பட்டத்துக்கு அட்டஸ்டேஷன் (அது உண்மையானது என்ற அரசுச் சான்றொப்பம்) வாங்கும் வேலையை இப்போதே தொடங்குங்கள். நான் அதில்தான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டேன்.

இன்னொன்று. எந்தச் சான்றிதழும் நம் பாஸ்போர்ட்டை மாற்றாது. கொரியாவின் இ-2 விசாவை (மொழி ஆசிரியர்களுக்கானது) எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா என்று 7 நாட்டுக் குடிமக்களை மனதில் வைத்து உண்டாக்கியது. சான்றிதழ் வாங்கினால் அந்தக் கதவு திறக்கும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

நிஸ்வா வாத்தியார்:

டீச்சர், நான் 16 வருடம் பாடம் நடத்திவிட்டு 2022இல் ஆன்லைனில் செல்ட்டா முடித்தவன். உங்களுக்கு வந்த அதே வருத்தம் எனக்கும் வந்தது.

அதற்கு முன்பே ஒரு 120 மணி நேர டெஃபல் வாங்கியிருந்தேன். 120 மணி நேரம் என்பது பெயரளவில்தான். வீடியோ, சரியான விடையைத் தேர்ந்தெடு, அடுத்த பக்கம். நான்கு மாலையில் முடிந்துவிட்டது. நான் பாடம் நடத்தியதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

செல்ட்டாவும் ஏறத்தாழ 120 மணி நேரம்தான், ஆனால் அதில் 6 மணி நேரம் நீங்கள் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த, பயிற்றுநர் உட்கார்ந்து மதிப்பிடுவார். என் இரண்டாவது வகுப்பு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜூமில் 7 பேர், எல்லோரும் வேலைக்குப் போகும் பெரியவர்கள். பாடம் 'யூஸ்ட் டு'. எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சந்தோஷமாக முடித்தேன். பயிற்றுநர் கணக்கு எடுத்து வைத்திருந்தார். 45 நிமிடத்தில் நான் பேசியது 29 நிமிடம். அந்த 7 பேரும் சேர்ந்து பேசியது 8 நிமிடம். அப்புறம் கேட்டார்: "ஐந்து தடவை 'புரிந்ததா' என்று கேட்டீர்கள், ஐந்து தடவையும் தலையாட்டினார்கள். புரிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பதில் வரவில்லை. 16 வருடமாக ஒவ்வொரு வகுப்பிலும் நான் கேட்டுவந்த கேள்வி அது.

அவர் காட்டிய வழி இதுதான். 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் மதுரை' என்று எழுதிவிட்டு, "நான் இப்போது மதுரையில் இருக்கிறேனா?" என்று கேட்க வேண்டும். இல்லை. "முன்னால் இருந்தேனா?" ஆமாம். "ஒரு நாளா, பல நாளா?" பல நாள். சின்னச் சின்னக் கேள்விகள். புரியாத பையன் முதல் கேள்வியிலேயே "ஆமாம், இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிடுவான். இங்கே ஓமனில் கல்லூரியின் அடிப்படை ஆண்டுப் (பட்டப்படிப்புக்கு முந்தைய ஆண்டு) பையன்களிடம் இதைக் கேட்கத் தொடங்கியபோதுதான், இத்தனை வருடம் எத்தனை பேரைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறேன் என்று தெரிந்தது.

பி.எட். முடித்த பிறகு உங்கள் வகுப்பில் யாராவது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் பார்த்திருக்கிறார்களா? என் வகுப்புக்கு வந்தவர்கள் நோட்டையும் பாடத்திட்டத்தையும்தான் பார்த்தார்கள். எனக்குக் கிடைத்த பலன் அந்தப் பார்வைதான். சம்பளம் ஒரு ரியால்கூட ஏறவில்லை, ஆனால் அழைப்பே வராத இடங்களிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

செலவு, எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆனது. 4 எழுத்துப் பணிகள் உண்டு, ஒவ்வொன்றும் 750 முதல் 1,000 சொல். முழுநேரம் எடுத்தால் தூக்கம் போகும். வேலையில் இருந்துகொண்டு படிப்பதானால் பகுதிநேரம்தான் சரி. சான்றிதழில் 'ஆன்லைன்' என்று அச்சிட மாட்டார்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரி தரும் செர்ட்டீசால் என்ற சான்றிதழும் இதே தரம்தான்.

ஷார்ஜா மிஸ்:

வாத்தியார் சார் சொன்னதோடு ஒன்று. செல்ட்டா பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவதை வைத்து அமைத்த படிப்பு. பள்ளிக்கூட வேலைதான் உங்கள் நோக்கம் என்றால் பி.எட்.டுக்குத்தான் மதிப்பு, இங்கே பள்ளிகளில் என்னிடம் ஒருவரும் டெஃபல் கேட்டதில்லை. கல்லூரிக்கோ மொழி மையத்துக்கோ போவதானால் மட்டும் செலவு செய்யுங்கள், டீச்சர்.

தீவு டீச்சர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. செல்வம் தம்பி, மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

வாத்தியார் சார், நீங்கள் சொன்ன 29 நிமிடம் மனதை விட்டுப் போகவில்லை. நேற்று ஒன்பதாம் வகுப்பில் போனை ஜன்னல் திட்டில் வைத்துப் பதிவு செய்தேன். ராத்திரி கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். 35 நிமிட வகுப்பில் 24 பிள்ளைகளும் சேர்ந்து பேசியது 4 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. அதிலும் பாதி, நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னது. நான் கேள்வி கேட்டுவிட்டு இரண்டு விநாடிகூடப் பொறுக்கவில்லை, பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு பையன் வாயைத் திறக்கிற சத்தம்கூடக் கேட்கிறது, அதற்குள் நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

வேலை கிடைக்கிறதோ இல்லையோ, பகுதிநேர செல்ட்டாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். மகளிடம் சொன்னேன், "நான் காலேஜ் போற வருஷமே நீங்களும் படிங்கம்மா" என்றாள். படிப்பில் சேர்வதற்கான நேர்காணலுக்கு முன்னால் ஒரு இலக்கணப் பணி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். வாத்தியார் சார், அதற்கு எதைப் பார்த்துத் தயாரானீர்கள்?

நிஸ்வா வாத்தியார்:

ஆங்கில வினைச்சொல்லின் காலங்களைத்தான் (டென்ஸ்), டீச்சர். விதியை எழுதினால் போதாது, ஒரு புது மாணவனுக்கு எப்படிப் புரியவைப்பீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனை மனதில் வைத்து எழுதுங்கள். முடித்ததும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.