பாஷ்ஃபோர்ட் டீன்: மீன் முதலில் வந்ததா, கவசம் முதலில் வந்ததா?

கேள்வி (செதில்):
பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலக் கவச மீன்களை ஆராய்ந்ததால்தான் அமெரிக்க மீனியல் அறிஞர் டீனுக்கு இடைக்கால இரும்புக் கவசத்தில் ஆர்வம் பிறந்தது என்று படித்தேன். உண்மையா? அவர் தலைக்கவசங்களுக்கு வரைந்த வம்ச வரைபடத்தை எப்படி வாசிப்பது?

பதில் (நத்தைக்கூடு):
தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். 1867-இல் நியூயார்க்கில் பிறந்த டீனுக்குச் சிறுவயதிலேயே தலைக்கவசப் பித்து. மீன் அதற்குப் பிறகு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புவியியல் அறிஞர் நியூபெரியிடம் படித்தபோது வந்தது. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மீன்களுக்கும் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் கவசங்களுக்கும் ஒரே சமயத்தில் பொறுப்பாளராக இருந்தார். கவசப் பிரிவு 1912-இல் தனித்துறையானது.

பதில் (கொல்லுலை):
வரைபடத்தில் முழுத் தலைக்கவசத்தையும் பார்க்காதீர்கள். ஓர் உறுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு காலவரிசையில் நகருங்கள்: கழுத்தை மூடும் பின்விளிம்பு, அல்லது முகமூடியின் கீல். மீனின் எலும்புத் தட்டுகளை ஒப்பிடுவதும் இப்படித்தான். டினிக்திஸ் என்ற டெவோனியன் கவச மீனில் தலைக்கவசமும் உடற்கவசமும் இருபுறமும் மூட்டு வைத்து இணைந்திருக்கும். அந்த மூட்டை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்.

ஒரே சிக்கல், உயிரினக் கிளைகள் பிரிந்தபின் பெரும்பாலும் மீண்டும் சேர்வதில்லை. கொல்லர்கள் பக்கத்து ஊர் வேலையைப் பார்த்துக் காப்பியடிப்பார்கள். ஜெர்மன் சாலெட் என்ற தலைக்கவச வகையில், தலையோடு ஒட்டிய பாசினெட் என்ற வகையின் சாயலும் உண்டு, அகல விளிம்புள்ள கெட்டில் ஹாட் வகையின் சாயலும் உண்டு. ஒற்றைக் கோட்டில் அதை அடக்க முடியாது. டீனின் வரைபடத்தை ஒரு கருதுகோளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

பதில் (ஆணிமுனை):
முதல் உலகப்போரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ராணுவத்தின் ஆயுதப் பிரிவில் மேஜராக இருந்த டீன், மெட்ரோபாலிட்டனின் கவசக் கொல்லர் டேனியல் டாஷோவைக் கொண்டு மாதிரித் தலைக்கவசங்கள் செய்வித்தார். அப்போது அமெரிக்கப் படையின் பயன்பாட்டில் இருந்த எம்1917 எஃகுத் தலைக்கவசம் ஆழமில்லாத கிண்ணம். பிடரியும் காதோரமும் திறந்தே கிடந்தன. ஆழமாக்கலாமே என்றால், அது செய்யப்பட்ட மாங்கனீசு எஃகு அழுத்த அழுத்த இறுகும். ஆழமான அச்சில் உச்சி மெலிந்து பக்கவாட்டில் கிழியும். அவருடைய 2-ஆம் மாதிரி, ஜெர்மன் தலைக்கவசம் போல் தெரிகிறது என்பதால் தள்ளப்பட்டது. இவற்றை 1920-இல் நூலாகவே எழுதிவிட்டார்.

செதில்:
நன்றி. எம்1917 அசல்தானா என்று பார்க்க ஏதாவது வழி?

ஆணிமுனை:
காந்தம் வையுங்கள். மாங்கனீசு எஃகை அது அநேகமாக ஈர்க்காது. ஆனால் விளிம்புப் பட்டியிலோ ஆணிகளிலோ வைத்தால் தவறான முடிவு வரும். கிண்ணத்தின் வெறும் பரப்பில் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் சந்தேகப்படுங்கள்.