ஃப்ரண்ட்எண்ட் கோடிங் டாஸ்க்: மீதமிருக்கும் ஒரு நாளை எதற்குச் செலவிடலாம்?

மஞ்சக்குப்பம்:
வணக்கம். கடலூரில் பி.சி.ஏ. முடித்துவிட்டு இணையப் பக்கத்தின் திரைப் பகுதியை (ஃப்ரண்ட்எண்ட்) உருவாக்க உதவும் ரியாக்ட் லைப்ரரியைக் கற்று வருகிறேன். நான் விண்ணப்பித்த சென்னை நிறுவனம் ஒன்று, நேர்காணலுக்கு முன்பாக வீட்டிலிருந்தே செய்து அனுப்பும்படி ஒரு கோடிங் டாஸ்க் கொடுத்திருக்கிறது. பயிற்சிக்கான மாதிரித் தரவு தரும் டம்மிஜேசன் ஏபிஐயிலிருந்து பொருள்களை எடுத்துப் பட்டியலிட வேண்டும்; தேடல் வசதியும், மொபைலில் சரியாகத் தெரிவதும் கட்டாயம். இவற்றை முடித்துவிட்டேன். மீதமிருக்கும் ஒரு நாளில் டார்க் மோடு, அனிமேஷன் சேர்ப்பதா, கோடைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட் எழுதுவதா என்பதுதான் குழப்பம். மேலும், தேடல் பெட்டியில் வேகமாகத் தட்டினால் சில நேரம் பழைய சொல்லுக்கான பொருள்களே திரையில் நின்றுவிடுகின்றன. இது ஏன்?

லாஸ்பேட்டை:
புதுச்சேரியில் ஒரு சிறு நிறுவனத்தில் இத்தகைய டாஸ்க்குகளை மதிப்பிடும் பொறுப்பில் இருக்கிறேன். டார்க் மோடை விட்டுவிடுங்கள், தம்பி; நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. 'லேப்' என்று தட்டியதும் ஒரு கோரிக்கையும், 'லேப்டாப்' என்று முடித்ததும் இன்னொரு கோரிக்கையும் சர்வருக்குப் போகின்றன. முதலில் போனதுதான் முதலில் திரும்பும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 'லேப்' என்பதற்கான பதில் பிந்தி வந்தால், ஏற்கெனவே வந்துவிட்ட சரியான பட்டியலின் மேல் அது எழுதிவிடும். தட்டுவது நின்று 300 மில்லிவினாடி கழித்தே கோரிக்கை அனுப்பும் டிபவுன்ஸ் வைத்தால் கோரிக்கைகள் குறையுமே தவிர, இந்தச் சிக்கல் முழுமையாகத் தீராது. ரியாக்டின் யூஸ்எஃபெக்டில், அது மறுபடி ஓடுவதற்கு முன் இயங்கும் கிளீனப் பகுதியில், கோரிக்கையை நிறுத்த உதவும் அபார்ட்கண்ட்ரோலரைக் கொண்டு முந்தைய கோரிக்கையை ரத்து செய்யுங்கள். அப்போது எழும் அபார்ட்எரரைப் பயனருக்குப் பிழையாகக் காட்டாதீர்கள்.

அடுத்து, சர்வர் 404 (கேட்டது இல்லை) அல்லது 500 (சர்வர் பிழை) அனுப்பினாலும், கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதி, பிழைகளைக் கையாளும் கேட்ச் பகுதிக்குப் போகாது. ரெஸ்பான்ஸின் 'ஓகே' மதிப்பை நீங்களேதான் சோதிக்க வேண்டும். பிரவுசரின் டெவ்டூல்ஸில் இணைய வேகத்தைக் குறைத்தும், ஆஃப்லைனில் வைத்தும், இல்லாத பொருளைத் தேடியும் பாருங்கள். இந்த மூன்று நிலையிலும் வெறும் வெள்ளைத் திரை தெரியாமல், என்ன நடக்கிறது என்பதைப் பயனருக்குச் சொல்லும் ஒரு வரி தெரிந்தாலே, கவனமாக வேலை செய்பவர் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிடும்.

நெல்லிக்குப்பம்:
மவுஸைத் தொடாமல் டேப் விசையை மட்டும் அழுத்திப் பக்கம் முழுவதும் சென்று பாருங்கள். வெறும் பெட்டியான டிவ் டேக்கில் ஆன்கிளிக் வைத்து பட்டன் போல அலங்கரித்திருந்தால் விசைப்பலகையின் ஃபோகஸ் அங்கே நிற்காது. உண்மையான பட்டனைப் பயன்படுத்துங்கள். தேடல் பெட்டிக்கு லேபிள் வேண்டும். சாம்பல் நிற எழுத்துகளுக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (ஒளிர்வு வேறுபாடு) இருக்கட்டும்.

தேவனாம்பட்டினம்:
டெஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. எல்லாக் கம்போனென்ட்டுகளுக்கும் (திரையின் தனித்தனிப் பகுதிகளுக்கும்) எழுத நேரம் போதாது. தேடலுக்கும் பிழைச் செய்திக்கும் மட்டும் எழுதினால் போதும் என்பது என் கருத்து. அனுப்புவதற்கு முன், கிட்ஹப்பிலிருந்து வேறொரு ஃபோல்டரில் புதிதாக க்ளோன் செய்து (நகலெடுத்து), ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் நீங்கள் எழுதியிருக்கும் கட்டளைகளை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் எழுதுபவர்கள் ஃபைல் பெயர்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இம்போர்ட்டில் பெரிய எழுத்தும் ஃபைல் பெயரில் சிறிய எழுத்தும் இருந்தால் விண்டோஸ் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் சர்வரில் பில்ட் நின்றுவிடும்.

மஞ்சக்குப்பம்:
அனைவருக்கும் நன்றி. அபார்ட்கண்ட்ரோலர் சேர்த்ததும் தேடல் சரியாகிவிட்டது. ஏஐ உதவியுடன் எழுதிய பகுதி ஒன்று இருக்கிறது. அதை ரீட்மீயில் குறிப்பிடலாமா?

லாஸ்பேட்டை:
முதலில் டாஸ்க்கின் விதிமுறையைப் படியுங்கள். தடை இருந்தால் அந்தப் பகுதியை நீங்களே மீண்டும் எழுதுங்கள். தடை இல்லையென்றால் தாராளமாகக் குறிப்பிடுங்கள். நேர்காணலில் அதே கோடைத் திறந்து, பக்கத்துக்குப் பத்துப் பொருள்களாகப் பிரிக்கச் சொல்லக்கூடும். ஆகவே ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று விளக்கத் தெரியாத எதையும் உள்ளே வைக்காதீர்கள்.